மேல்மண்ணில் உப்பு குறைவு, மரம் மட்டும் காய்கிறது: முர்ரே வெள்ளச்சமவெளியில் மண் உவரை எப்படி அளப்பது

கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன்: தென் ஆஸ்திரேலியாவில் ரென்மார்க் பக்கம், முர்ரே ஆற்றின் வெள்ளச்சமவெளியில் ஒரு பிளாக் பாக்ஸ் (யூகலிப்டஸ் வகை மரம்) காட்டுத் துண்டைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வக் குழு. மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. உப்புதான் காரணம் என்று எல்லோரும் சொல்வதால், நான்கைந்து இடத்தில் மேல்மண் எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து மின்கடத்துத்திறன் (நீரில் உப்பு கூடக் கூட ஏறும் எண், மீட்டருக்கு டெசிசீமன்ஸ் அதன் அலகு) பார்த்திருக்கிறீர்கள். வந்ததோ மீட்டருக்கு 0.6 டெசிசீமன்ஸ் சுமார். இது பெரிய உப்பாகத் தெரியவில்லையே, கருவி கோளாறா, இல்லை மரம் வேறு எதனாலோ சாகிறதா, சரியாக அளப்பது எப்படி என்று கேட்கிறீர்கள்.

கருவியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் அளந்தது மரம் குடிக்காத மண்ணை, அதுவும் மரம் ஒருபோதும் காணாத அளவு நீரைச் சேர்த்து. மரத்துக்கு முக்கியம் மண்ணில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பது இல்லை. வேர் இருக்கிற ஆழத்தில், மண்ணில் மிச்சமிருக்கிற கொஞ்சம் நீரில் அந்த உப்பு எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதுதான். உப்பையும் ஈரத்தையும் ஒரே மண் மாதிரியில், மேலிருந்து நிலத்தடி நீர்மட்டம் வரை, சேர்த்து அளக்காவிட்டால் எத்தனை எண் கையில் இருந்தாலும் மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் உப்பு அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்று புரிந்துகொண்டால், எங்கே தோண்டுவது என்று தானாகவே தெரியும். அந்தப் பகுதியில் ஆண்டு மழை ஏறக்குறைய 250 மில்லிமீட்டர், ஆவியாதல் அதைப்போலப் பல மடங்கு. கீழே இருக்கும் நிலத்தடி நீர் இயல்பிலேயே உவர், பல இடங்களில் கடல்நீரோடு ஒப்பிடும் அளவுக்கு. ஆனால் முன்பு அது ஆழத்தில் கிடந்தது, அவ்வப்போது பெருவெள்ளம் வந்து மேல்மண்ணைக் கழுவிவிட்டுப் போனது. 1920களிலும் 30களிலும் படகுப் போக்குவரத்துக்காக ஆற்றில் வரிசையாக லாக்குகளும் (படகை ஏற்றி இறக்கும் மதகுகள்) தடுப்பணைகளும் கட்டினார்கள். பிளான்ச்டவுனில் முதல் லாக் 1922-இல், சோவில்லா வெள்ளச்சமவெளிக்குப் பக்கத்தில் ஆறாம் லாக் 1930-இல். ஆற்றின் நீர்மட்டம் நிரந்தரமாக உயர்ந்ததும் பக்கத்து நிலத்தடி நீர்மட்டமும் கூடவே ஏறிவிட்டது. மேட்டு நிலத்தில் ஆழ வேர் விடும் மல்லி (குட்டை யூகலிப்டஸ்) புதர்க்காட்டை அழித்துப் பயிர் வைத்ததும், பழத்தோட்டங்களுக்குப் பாய்ச்சிய நீர் கசிந்து இறங்கியதும், உவர் நீரை இன்னும் வேகமாக வெள்ளச்சமவெளி நோக்கித் தள்ளின. மேல்நிலையில் ஹியூம் அணையும் (1936) டார்ட்மவுத் அணையும் (1979) வந்து வெள்ளங்களை விழுங்கிக்கொண்டன. ஆக, கீழிருந்து உப்பு ஏறுவது கூடியது, மேலிருந்து கழுவுவது குறைந்தது. 1990களின் பிற்பாதியில் தொடங்கி 2010 வரை இழுத்த நெடுவறட்சியில் இதன் முழு விளைவும் கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, மண்ணுக்குள் வருவோம். சமவெளியின் மேல் அடுக்கு கூனம்பிட்கல் எனப்படும் களிமண், அதற்கடியில் மோனோமன் மணல். உவர் நீர் அந்த மணலில் நிற்கிறது. நீர்மட்டம் தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டருக்குள் வந்துவிட்டால் களிமண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலே ஏறும், ஆவியாகும், வேர் உறிஞ்சும். நீர் போகும், உப்பு தங்கும். ஆனால் தங்குவது எப்போதும் தரைமட்டத்தில் இல்லை. மழையும் சிறு வெள்ளமும் மேல் இருபது முப்பது சென்டிமீட்டரைக் கழுவிக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், கீழிருந்து ஏறுவது அதைச் சந்திக்கிற ஆழத்தில் உப்பு வீங்கி நிற்கும். அந்த வீக்கம் ஒரு மீட்டரில் இருக்கலாம், இரண்டரை மீட்டரில் இருக்கலாம். வேர் அதிகமாக நீர் எடுக்கிற ஆழமும் பெரும்பாலும் அதுவேதான், ஏனென்றால் வேர் நீரை எடுப்பதும் உப்பு அங்கே சேர ஒரு காரணம். உங்கள் 0.6 எங்கிருந்து வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். கழுவப்பட்ட மேல்மண்ணை அளந்திருக்கிறீர்கள். வெள்ளை வெள்ளையாகத் தரையில் உப்புப் பூத்த இடங்களில் மட்டும் அளந்தால் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும், மரம் ஓரளவு நன்றாக இருக்கிற இடத்திலும் பயமுறுத்தும் எண் வரும்.

அதனால் துளை போட்டே ஆக வேண்டும். கையால் திருகும் ஆகர் (மண்ணில் துளை போடும் கருவி) போதும், நீட்டுக்குழாய்கள் இருந்தால் நான்கு மீட்டர் வரை போகலாம், காய்ந்த களிமண்ணில் கை வலிக்கும், அவ்வளவுதான். தரையிலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு 25 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி, அதற்குக் கீழே 50 சென்டிமீட்டருக்கு ஒன்று, நீர்மட்டம் தொடும் வரை. மண்ணின் தன்மை மாறுகிற இடத்தில், குறிப்பாகக் களியிலிருந்து மணலுக்கு மாறும் இடத்தில், கூடுதலாக ஒன்று எடுங்கள். ஆகரின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் மண்ணைச் சீவி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலடுக்கின் மண் கீழடுக்கின் மாதிரியில் கலந்துவிடும். எடுத்த அடுத்த நிமிடமே காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து மூடி, மூடியின் மேல் டேப் ஒட்டி, நிழலில் வையுங்கள். இதை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான குழுக்கள் மாதிரியைத் துணிப்பையிலோ திறந்த தட்டிலோ எடுத்துப்போய் உலர்த்தி ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. உப்பு எங்கேயும் போகாது, ஆனால் ஈரம் போய்விடும், ஈரத்தோடு பாதித் தகவலும் போய்விடும். அப்புறம் எந்த ஆய்வகத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

மாதிரியில் ஒரு பகுதியை எடுத்து ஈரத்தோடு எடை பார்த்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஓவனில் வைத்து மறுபடி எடை பார்த்தால் ஈரப்பதம் கிடைக்கும். இதற்குச் செலவே இல்லை, ஓவனும் தராசும் போதும். எல்லா அளவீடுகளிலும் இதுதான் மலிவானது, இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பகுதியில் நீங்கள் செய்த அதே 1:5 கரைசல். உலர்ந்து பொடித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 100 மில்லி லிட்டர், ஒரு மணி நேரம் குலுக்கல், அரை மணி நேரம் தெளியவிடல், பிறகு மேல் நீரில் அளவீடு. மீட்டரை 25 டிகிரியில் 1.413 டெசிசீமன்ஸ் காட்டும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், வெப்பநிலைத் திருத்தம் மீட்டரில் இயங்குகிறதா என்றும் பாருங்கள், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் எண் மாறும். அலகிலும் குழப்பம் வரும். முர்ரே பகுதியில் ஆற்று நீரைப் பற்றிப் பேசும்போது ‘இ.சி.’ என்று மட்டும் சொல்வார்கள், அது சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமன்ஸ். கீழ்நிலையில் உள்ள மார்கன் ஊரில் ஆற்று நீர் 95 சதவீத நேரம் 800 இ.சி.க்குக் கீழே இருக்க வேண்டும் என்ற இலக்கு இந்த அலகில்தான். 800 இ.சி. என்றால் மீட்டருக்கு 0.8 டெசிசீமன்ஸ். உங்கள் 0.6-ஐ யாராவது 600 என்று படித்து ‘ஆற்று நீரைவிடக் குறைவு, நல்ல மண்’ என்று சொல்லியிருந்தால், அந்த ஒப்பீடு செல்லாது. ஒன்று நீர், இன்னொன்று ஐந்து மடங்கு நீரூற்றிக் கலைத்த மண்.

1:5 எண்ணை அப்படியே பயன்படுத்தக் கூடாது, மண்ணின் தன்மையைப் பொறுத்துப் பெருக்க வேண்டும். கனமான களிக்கு சுமார் 6, இடைப்பட்ட களிக்கு 7, வண்டலுக்கு 10-ஐ ஒட்டி, மணற்பாங்கான வண்டலுக்கு 14. இப்படிப் பெருக்கினால் மண்ணை நீரால் நிறைத்துப் பிழிந்த சாற்றின் மின்கடத்துத்திறன் தோராயமாகக் கிடைக்கும். 0.6 என்பது கனக் களியில் 3.6, மணல் வண்டலில் 8.4. ஒரே எண், இரண்டு வேறு மண். அமெரிக்க உவர் ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட கையேட்டில் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் போனால் உவர் மண் என்று கோடு போட்டது, உலகம் முழுக்க இன்னும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது பாசனப் பயிர்களை மனதில் வைத்துப் போட்ட கோடு, அந்த நிலம் எப்போதும் நனைந்திருக்கும். வறண்ட வெள்ளச்சமவெளியில் மண் நிறைநீரோடு இருப்பது வெள்ளம் வந்த சில வாரங்கள் மட்டும். மற்ற காலமெல்லாம் அந்தச் சாற்றில் இருக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குகூட மண்ணில் இருக்காது, அப்படியானால் வேர் சந்திக்கும் செறிவு கணக்கிட்டதைப் போல மூன்று மடங்கு. பயிருக்குப் போட்ட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மரங்களுக்குத் தீர்ப்புச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே குளோரைடை அளக்கச் சொல்கிறேன். அதே 1:5 கரைசலில் ஆய்வகம் குளோரைடையும் பார்த்துத் தரும். இதில் இரண்டு லாபம். ஒன்று, முர்ரே மண்ணில் ஜிப்சம் நிறைய இருக்கும். ஐந்து மடங்கு நீர் ஊற்றும்போது அது கரைந்து மின்கடத்துத்திறனை ஏற்றிவிடும், ஜிப்சம் முழுதாகக் கரைந்த நீரே 2 டெசிசீமன்ஸுக்குச் சற்று மேல் காட்டும். களத்தில் அந்தக் கொஞ்சம் ஈரத்தில் அதில் பெரும்பகுதி கரையாமல் கல்லாகவே கிடக்கும், மரத்துக்குத் தொல்லை இல்லை. குளோரைடு இப்படி ஏமாற்றாது. இரண்டாவது, குளோரைடை ஈரப்பதத்தால் வகுத்தால் மண்நீரின் உண்மைச் செறிவு நேராகக் கிடைத்துவிடும். ஒரு கணக்கு பாருங்கள். ஒரு கிலோ உலர்மண்ணில் 2000 மில்லிகிராம் குளோரைடு இருக்கிறது, அதே மண்ணில் 200 கிராம் நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்நீரில் லிட்டருக்கு 10,000 மில்லிகிராம். ஒரு கோடை முடிந்து நீர் 100 கிராமாகச் சுண்டிவிட்டால் லிட்டருக்கு 20,000, அதாவது கடல்நீரின் குளோரைடு அளவைத் தாண்டிவிட்டது. இரண்டு தடவையும் 1:5 கரைசல் காட்டியது ஒரே எண், 1.2-ஐ ஒட்டி. உப்பு ஒரு துளிகூடக் கூடவில்லை, மரத்தின் நிலைமை மட்டும் தலைகீழ்.

இன்னும் ஒரு படி போக முடிந்தால் போங்கள். வேர் நீரை உறிஞ்ச இரண்டு இழுவையை எதிர்த்து இழுக்க வேண்டும். உப்பு நீரைப் பிடித்துவைக்கும் சவ்வூடு இழுவை ஒன்று, காய்ந்த களியின் நுண்துளைகள் பிடித்துவைக்கும் இழுவை இன்னொன்று. இரண்டும் கூட்டித்தான் மரத்துக்குத் தெரியும். மேலே சொன்ன 10,000 மில்லிகிராம் குளோரைடு சோடியம் குளோரைடாக இருந்தால் சவ்வூடு இழுவை சுமார் 1.3 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), 20,000 என்றால் 2.6. மண்ணின் பிடிப்பை வாட்மன் 42 வடிதாளை வைத்து அளக்கலாம்: மூடிய பாட்டிலில் ஈரமண்ணுக்கு நடுவே காய்ந்த தாளை வைத்து, ஒரே வெப்பநிலையில் ஒரு வாரம் விட்டு, தாள் எவ்வளவு நீர் உறிஞ்சியது என்று நுண்தராசில் எடை பார்ப்பது. பொறுமை வேண்டும், கருவி வேண்டாம். பயிர்கள் 1.5 மெகாபாஸ்கலில் வாடிவிடும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். பிளாக் பாக்ஸ் 3 மெகாபாஸ்கல் அளவு இறுகிய மண்ணிலிருந்தும் நீர் எடுக்கிற மரம், ஆற்றோரத்தில் வளரும் இன்னொரு யூகலிப்டஸான ரிவர் ரெட் கம் அவ்வளவு தாங்காது. இரண்டு இழுவையின் கூட்டுத்தொகையை ஆழத்துக்கு ஆழம் வரைந்து பார்த்தால், எந்த அடுக்கில் மரத்துக்கு இன்னும் எடுக்கக்கூடிய நீர் மிச்சம் இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். சில துளைகளில் எந்த அடுக்கிலும் இருக்காது, அந்த மரத்துக்கு அவசரம்.

இதை மரத்திடமே சரிபார்க்கலாம். விடியலுக்கு முன், இலைத்துளைகள் மூடியிருக்கும்போது, ஒரு சிறு கிளையை வெட்டி அழுத்தக் கலத்தில் வைத்து, வெட்டுமுகத்தில் நீர் துளிர்க்கும் அழுத்தத்தைப் படிப்பார்கள். இரவு முழுக்க மரமும் மண்ணும் ஏறத்தாழச் சமநிலைக்கு வந்திருக்கும், அதனால் அந்த எண் மரம் நீர் எடுக்கும் அடுக்கின் மொத்த இழுவையை ஒட்டி இருக்கும். உங்கள் மண் கணக்கு 1.5 என்கிறது, இலை 3 என்கிறது என்றால் மரம் நீங்கள் நினைத்த அடுக்கில் குடிக்கவில்லை. கருவி விலை அதிகம், பக்கத்துப் பல்கலைக்கழகத்திலோ அரசு ஆய்வாளர்களிடமோ கேட்டுப் பாருங்கள்.

மின்காந்தக் கருவிகளைப் பற்றி நிச்சயம் யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், ஈ.எம்.38, ஈ.எம்.31. மண்ணைத் தொடாமலே, நடந்துகொண்டே மின்கடத்துத்திறனைப் படிக்கும் கருவிகள். முதலாவது நிமிர்த்திய நிலையில் சுமார் ஒன்றரை மீட்டர் ஆழம் வரை பார்க்கும், இரண்டாவது ஆறு மீட்டர் வரை, படுக்கவைத்தால் இரண்டுமே அதில் பாதி. காட்டுத் துண்டு முழுக்கக் கட்டம் போட்டு நடந்து வரைபடம் எடுக்க இதைப்போல வசதியான கருவி இல்லை, எங்கே துளை போடுவது என்று முடிவுசெய்ய நான் முதலில் இதைத்தான் பயன்படுத்தச் சொல்வேன். ஆனால் இதன் எண்ணை உப்பு என்று படிக்காதீர்கள். உப்பு, ஈரம், களியின் அளவு, மண்ணின் சூடு நான்கும் கலந்த எண் அது. உப்பு நிறைந்து காய்ந்து கிடக்கும் மண் குறைவாகக் காட்டும். வெள்ளம் வந்து உப்பைக் கரைத்து மரத்துக்கு நல்லது நடந்திருக்கும், கருவியோ முன்பைவிட அதிகம் காட்டும், ஏனென்றால் ஈரம் கூடிவிட்டது. அதைப் பார்த்து ‘வெள்ளத்தால் உவர் கூடிவிட்டது’ என்று அறிக்கை எழுதினால் சமவெளிக்குச் செயற்கையாக நீர்விடும் அதிகாரிகள் அடுத்த முறை அதை நிறுத்திவிடுவார்கள், அது மரங்களுக்குப் பெரிய கேடு. ஈ.எம்.31 இன்னொரு விதத்திலும் குழப்பும்: நீர்மட்டம் மேலே இருக்கும் இடத்தில் கீழிருக்கும் உவர் நீரையே படித்துவிட்டு, வேர்மண்டலம் முழுக்க உப்பு என்பதுபோலத் தோன்றவைக்கும். வரைபடத்தில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று வகை இடத்திலும் துளை போட்டு அளந்து, அந்த எண்களோடு பொருத்திப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். கம்பிவேலி, சாவிக்கொத்து, இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ், போன் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு நடங்கள். மண்ணில் நிரந்தரமாகப் புதைக்கும் ஈரமானிகளிலும் கவனம் தேவை, உவர்க் களியில் அவற்றில் பலவற்றின் சமிக்ஞை மங்கிப் பொய் எண் தரும்.

நிலத்தடி நீரையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பீசோமீட்டர் குழாயாவது (நிலத்தடி நீர்மட்டம் பார்க்கும் துளைக்குழாய்) போட்டு மாதத்துக்கு ஒரு முறை மட்டம் பாருங்கள். உவரை அளக்கும்போது குழாயில் தேங்கி நின்ற நீரை முதலில் இறைத்து வெளியேற்றிவிட்டு, புதிதாக ஊறி வரும் நீரை அளக்க வேண்டும். ஓடைக்கரை ஓரமாக ஆற்று நீர் பக்கவாட்டில் ஊறி, உவர் நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கும் இடங்கள் உண்டு. குழாயின் வடிதுளைகள் எந்த ஆழத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து நன்னீரும் காட்டும், கடல்நீர் போன்றதும் காட்டும். அந்த ஆழத்தைக் குறித்துவைக்காத பழைய குழாய்களின் எண்களை நான் கணக்கில் எடுக்கவே மாட்டேன்.

மரம் எந்த நீரைக் குடிக்கிறது என்பதில் ஊகம் வேண்டாம். 1990களின் தொடக்கத்திலேயே சோவில்லாவில் ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) வைத்து ஆய்வு செய்தார்கள். ஓடைக்கருகில் நிற்கும் ரெட் கம் ஓடை நீரை மட்டுமே குடிக்கும் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை, மண்நீரையும் நிலத்தடி நீரையும் கலந்து எடுக்கின்றன, பருவத்துக்குப் பருவம் மாற்றிக்கொள்கின்றன. ஓடைக்கு இருபது மீட்டர் தள்ளி நிற்கிறது, நீருக்கு என்ன குறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சோவில்லாவில் பிளாக் பாக்ஸும் மல்லி வகையொன்றும் கலந்து உருவான, பச்சை இலை கொண்ட ஒரு கலப்பு மரமும் நிற்கிறது, அது சாதாரண பிளாக் பாக்ஸைவிட உவரைத் தாங்கும். பக்கத்துப் பக்கத்தில் ஒரு மரம் செழித்தும் ஒன்று காய்ந்தும் இருப்பதைக் கண்டால் மண்ணை மட்டுமல்ல, மரத்தின் இலையையும் பாருங்கள்.

மரத்தின் நிலையைப் பதிவுசெய்யும்போது ‘நன்றாக இருக்கிறது, மோசம்’ என்று எழுதாமல் இரண்டு எண் கொடுங்கள்: கிளைகள் தாங்கக்கூடிய முழு உச்சியில் எத்தனை சதவீதத்தில் இலை இருக்கிறது, இருக்கும் இடத்தில் அடர்த்தி எவ்வளவு. முர்ரே நெடுகிலும் உள்ள 6 முக்கிய இடங்களில் மரங்களைக் கண்காணிக்கும் முறையிலும் இந்த இரண்டும்தான் அடிப்படை. கூடவே அடிமரத்திலிருந்து வெடித்துக் கிளம்பும் புதுத்துளிர், பூ, காய், பட்டை உரிதல். ஒன்றை மறக்காதீர்கள், மரம் மண்ணைவிடத் தாமதமாகப் பேசும். மண் கெட்டு இரண்டு மூன்று ஆண்டு கழித்து உச்சி மெலியும், மண் சரியான பிறகும் உச்சி திரும்ப அதே அளவு காலம் எடுக்கலாம். ஒரே நாளில் எடுத்த மண் எண்ணையும் உச்சி எண்ணையும் அருகருகே வைத்துப் பொருத்தம் இல்லை என்று மனம் சோர்ந்துவிட வேண்டாம்.

அதனால்தான் ஒரு தடவை அளந்து நிறுத்தக் கூடாது. அதே இடத்தில், பழைய துளையிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி, அதே பருவத்தில், கோடை முடிவில் ஒரு முறை எடுப்பது நல்லது, அதுதான் மரத்துக்கு மிகக் கடுமையான நேரம். வெள்ளமோ செயற்கையாக நீர்விடுதலோ நடந்தால் முன்னும் பின்னும் எடுங்கள். 2022 டிசம்பரில் மாநில எல்லையைத் தாண்டி வந்த வெள்ளம் 1956-க்குப் பிறகு அங்கே கண்ட பெரியது, உங்கள் மேட்டுப் பிளாக் பாக்ஸ் வரை அது ஏறியதா என்று விசாரியுங்கள். ஏறியிருந்தால் மேல்மண்ணின் குறைந்த எண்ணுக்கு அதுவும் ஒரு காரணம், அதே சமயம் களியில் நீர் செங்குத்தாக இறங்குவது மிக மெதுவாக நடப்பதால் இரண்டு மீட்டருக்குக் கீழே எதுவுமே மாறாமலும் இருந்திருக்கலாம். சோவில்லாவில் 2004 முதல் பம்ப் வைத்தும், 2014-இல் கட்டி முடித்த நீர்ச்சீராக்கி (ஓடையின் குறுக்கே மதகுகள் கொண்ட தடுப்பு) மூலமும் வெள்ளத்தை ஏற்றி வருகிறார்கள். தேங்கும் நீர் உவர்நீர்மட்டத்தையும் சேர்த்து உயர்த்திவிடக்கூடும், நீர் வடிந்த பிறகு அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பார்த்தே அந்த முறை நீர்விட்டது பலித்ததா என்று சொல்ல முடியும்.

கழுவிய மண்ணில் இன்னொரு சிக்கலும் வரும். உப்பு போய்விடும், களித்துகளில் ஒட்டிய சோடியம் தங்கிவிடும். அப்படிப்பட்ட மண்ணாங்கட்டி ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் மெதுவாகப் போட்டால் சுற்றிலும் பால்போலக் கலங்கும். நேர்மின்னயனிகளில் சோடியத்தின் பங்கு 6 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்திரேலியாவில் அதைச் சோடிய மண் என்கிறார்கள். அந்த மண்ணில் அடுத்த வெள்ளம் மேலேயே நின்று ஆவியாகும், கீழே இறங்காது. உங்கள் மேல்மண்ணில் உவர் குறைவு என்பதால் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

தோண்டும் முன் அனுமதி வாங்குங்கள். நிலத்தை நிர்வகிக்கும் துறையிடம் மட்டுமில்லை. அந்தப் பகுதியில் முர்ரே ஆறு மற்றும் மல்லி வட்டாரத்தின் முதற்குடிகளின் நில உரிமை 2011-இல் நீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டது, சமவெளியின் மணல்மேடுகளில் அவர்களுடைய முன்னோரைப் புதைத்த இடங்கள் இருக்கின்றன, படகுக்காகப் பட்டை உரித்த தழும்போடு நிற்கும் பழைய மரங்களும் இருக்கின்றன. எங்கே ஆகர் வைக்கலாம் என்று அவர்களோடு நடந்து முடிவுசெய்வதுதான் முறை. பெரிய ரெட் கம் கிளைக்கு நேர் கீழே நின்று துளை போடாதீர்கள், காற்றில்லாத நாளிலும் கிளை முறிந்து விழும்.

உங்கள் குழுவின் கையிருப்பில் இதெல்லாம் முடியாது என்றால் இப்படிச் செய்யுங்கள். நல்ல உச்சியுள்ள ஒரு மரம், பாதி காய்ந்த ஒன்று, செத்த ஒன்று, மூன்றும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றின் உச்சி விளிம்புக்குக் கீழேயும் நீர்மட்டம் வரை ஒரு துளை. எல்லா மாதிரிக்கும் ஈரப்பதமும் 1:5 எண்ணும் நீங்களே பாருங்கள், துளைக்கு நான்கு மாதிரிக்கு மட்டும் ஆய்வகத்தில் குளோரைடு பாருங்கள். மூன்று துளைகளின் மண்நீர்ச் செறிவையும் ஆழத்துக்கு எதிராக ஒரே தாளில் வரையுங்கள். செத்த மரத்தின் கோடும் நல்ல மரத்தின் கோடும் பிரிகிற ஆழம் எதுவோ, இனிமேல் நீங்கள் அளக்க வேண்டிய ஆழம் அது. இரண்டும் பிரியவே இல்லையென்றால் உப்பை விட்டுவிட்டு நீர்மட்டம் இறங்கியதா, பூச்சியா, வேர் வெட்டுப்பட்டதா என்று தேடத் தொடங்குங்கள். வரைந்த தாளையும், களி எங்கே மணலாக மாறியது என்ற குறிப்பையும் இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.